புதுக்கரைக்கு ரயில் வேண்டாம்

கால் பொய் சொல்லாது என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் தணிகைவேல் இத்தனை வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். வாய் பொய் சொல்லும், கை பொய்க் கையெழுத்துப் போடும். கால் மட்டும் பிடித்த இடத்துக்குப் போகும், பிடிக்காத இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும். நிழல் மன்றம் என்ற பெரிய ஏற்பாடே இந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது. ஊர் ஊராகப் போய் மேடையேறி இதை ஜனங்களுக்கு விளக்குவது அவன் வேலை. நன்றாகவே விளக்குவான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, அவனோடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்த முறை மன்றம் அவன் குடியிருக்கும் வெள்ளேரியிலேயே கூடியது. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை பெண் உட்காரும் தங்க நிறச் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, அங்கே தலைவர் பானுரேகாவுக்கு மேசை போட்டிருந்தார்கள். விவகாரம் இதுதான். பட்டணத்திலிருந்து வரும் ரயில் பாதை வெள்ளேரியோடு நிற்பதா, இன்னும் மூன்று நிலையம் நீண்டு புதுக்கரை வரை போவதா? தூண் ஊற்றும் இயந்திரங்கள் வந்தபிறகு பாதை போடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. முறுக்குப் பிழிவதுபோல் தூணைப் பிழிந்துகொண்டே போகும், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வேலை முடிந்துவிடும். போடலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பதுதான் எப்போதும்போல் இழுபறி.

புதுக்கரை என்பது ஆற்றோரக் குடிசைகளைக் காலி செய்து, அங்கே இருந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிய இடம். ஆறு இல்லாத ஊருக்குக் கரை என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. அடுக்கடுக்காகத் தீப்பெட்டிக் கட்டடங்கள், நடுவில் ஒரு பஸ் நிலையம், அதில் எப்போதாவது ஒரு பஸ்.

"வேல் சார், எனக்கு ஒரு சந்தேகம்," என்று முன்வரிசையிலிருந்து எழுந்தார் ஜெகதீசன். வெள்ளேரி அடுக்ககச் சங்கத்தின் தலைவர், தணிகைவேலுக்கு எதிர்வீடு. "நான் இங்க உயிரோட உட்கார்ந்திருக்கேன். அப்புறம் எதுக்கு என் நிழல்கிட்டப் போய்க் கேக்கறீங்க?"

சபை சிரித்தது. தணிகைவேலும் சிரித்தான்.

"நீங்க வந்துட்டீங்க சார். வர முடியாதவங்க? முன்னெல்லாம் கருத்துக் கேட்புக் கூட்டம்னா குரல் பெருத்தவர்தான் பேசுவார். கூலிக்குப் போறவங்க அரை நாள் சம்பளத்தை விட்டுட்டு வருவாங்களா? அதனாலதான் ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிழல். உங்க போன் உங்களோடவே இருக்கு. எங்க போறீங்க, எங்க நிக்கறீங்க, எந்தத் தெருவைத் தவிர்க்கறீங்க, யார்கிட்ட என்ன பேசறீங்க, எல்லாத்தையும் வெச்சு இயந்திரம் இன்னொரு ஜெகதீசனைச் செஞ்சுடும். அவர்கிட்டக் கேட்டா, நீங்க மனசுல நினைக்கறதைச் சொல்லிடுவார்."

"என் சம்சாரத்துக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

மறுபடியும் சிரிப்பு. பானுரேகா மேசையைத் தட்டினாள். அவளுக்குச் சிரிப்பு பிடிக்காது என்றில்லை, நேரம் பிடிக்கும்.

"விதியை எல்லாருக்கும் ஞாபகப்படுத்தறேன். வழியில இருக்கற ஊர்க்காரங்க வேண்டாம்னு சொன்னா மட்டும் பாதை நிக்காது. போய்ச்சேர்ற ஊர்க்காரங்க வேணும்னு சொன்னா பாதை போகும். அவங்களே வேண்டாம்னா அத்தோட முடிஞ்சது."

இதைக் கேட்டதும் வெள்ளேரிக்காரர்களின் முகம் விழுந்தது. புதுக்கரைக்காரன் எவன் ரயில் வேண்டாம் என்பான்? ரயில் வந்தால் அந்த ஜனங்கள் எல்லாம் நம் வாசலில் வந்து இறங்குவார்கள், ஏரிக்கரை நடைபாதையில் உட்காருவார்கள், வீட்டு விலை விழும் என்று மாதக்கணக்காகச் சங்கத்தில் புலம்பித் தீர்த்திருந்தார்கள். தணிகைவேலும் அந்தக் கூட்டங்களுக்குப் போவான். ஒன்றும் பேசமாட்டான். பேசாமல் காபி குடித்துவிட்டு வருவான்.

முடிவு திரையில் வந்தது. வெள்ளேரி வேண்டாம் என்றது. அது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். அதன் கீழே புதுக்கரையின் வரி வந்தது. வேண்டாம்.

சபை அந்த வரியை இன்னொரு முறை படித்தது. அப்புறம் யாரோ கைதட்ட, மண்டபமே அதிர்ந்தது. "பாத்தீங்களா! அவங்களுக்கே வேணாமாம்! நாமதான் ஈவு இரக்கம் இல்லாதவங்கன்னு ஊரெல்லாம் பேசினாங்க," என்று ஜெகதீசன் குதிக்காத குறைதான். உடனே எல்லாருக்கும் காபி சொன்னார்.

தணிகைவேலுக்குக் காபி இறங்கவில்லை. வித்தியாசம் மயிரிழைதான். ஆனாலும் எப்படி? நிழல்கள் சொன்னதைச் சரிபார்ப்பதும் அவன் வேலைதான், அதற்கான பெட்டியை மணமகள் அறையில் வைத்திருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, வேண்டாம் என்ற நிழல்களைப் பிரித்துப் பார்த்தான். பாதிக்குமேல் பெண்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஒரே வழியில் வேலைக்குப் போகிறவர்கள். யாரும் வெள்ளேரி பஸ் நிறுத்தத்தில் இறங்குவதே இல்லை. ஒரு நிறுத்தம் முன்னாடியே, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, ஏரியைச் சுற்றி நடந்து வருகிறார்கள். வெயிலிலும் அப்படித்தான், மழையிலும் அப்படித்தான். இத்தனை வருடம் இத்தனை கால்கள் ஓரிடத்தைத் தவிர்த்தால் இயந்திரம் வேறென்ன நினைக்கும்? இவர்களுக்கு வெள்ளேரி ஆகாது, வெள்ளேரி வழியாக வரும் ரயிலும் ஆகாது.

அவர்கள் வேலை செய்யும் இடம் எது என்று தணிகைவேல் தேடிப் பார்த்தான். வெள்ளேரி அடுக்ககத்தை ஒட்டிய ஐ.டி. விடுதியின் துணி வெளுக்கும் கூடம். அங்கே ஈஸ்வரி வேலை செய்கிறாள். கோட்டீஸ்வரி, அவன் கூடப் பிறந்த தங்கை.

அவள் பெயரைத் தட்டி எடுத்தான். எடுக்கக்கூடாது, உறவுக்காரரின் நிழலை அலுவலர் தொடக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் வேலையில் சேரும்போதே உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தவனை எந்த விதி தடுக்கும்?

"சொல்லுங்க சார்," என்றது பெட்டி. அவள் குரலேதான். கேள்வியை அவன் தட்டச்சு செய்தான், அதனால் கேட்பது யாரென்று அதற்குத் தெரியாது.

புதுக்கரைக்கு ரயில் ஏன் வேண்டாம்?

"வேணாம் சார். ரயிலு வெள்ளேரி வழியா வரும். எங்க அண்ணன் அங்கதான் கீறாரு. பெரிய ஆபீசரு. நாங்கல்லாம் திமுதிமுன்னு போய் எறங்குனா அவருக்கு அசிங்கமாப் பூடும்."

உனக்குச் சிரமம் இல்லையா?

"கால் வலிக்கும். அதுக்கு இன்னா பண்றது? அவருதான் சொன்னாரு, அந்த ஸ்டாப்புல எறங்காதன்னு. நான் மட்டும் தனியா நடக்கறேன்னு மத்த பொண்டுங்களும் கூடவே எறங்கிடுச்சிங்க. பேசினே போவோம். பழகிப்போச்சி."

தணிகைவேல் பெட்டியை மூடினான்.

அவன்தான் சொன்னான். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு அடுக்ககத்துக்கே வந்துவிட்டாள். காவலாளி அவளை வேலைக்காரர்கள் வரிசையில் நிற்கவைத்தான். லிஃப்ட்டில் ஜெகதீசன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "யார் வேல் சார் இவங்க?" என்றார். "வீட்டு வேலைக்கு ஆள் கேட்டிருந்தோம்," என்றான் தணிகைவேல். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொன்னது. அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் போட்டு, இனிமேல் வெள்ளேரி நிறுத்தத்தில் இறங்காதே, ஆஸ்பத்திரியில் இறங்கி அந்தப் பக்கமாகவே போ என்றான். அவள் அதற்குச் சிரித்தாள். "சர்தாம்பா, தொர சொன்னா சர்தான்," என்றாள். அவன் அந்தச் சிரிப்பை நம்பினான். நம்புவது வசதியாக இருந்தது.

புதுக்கரைப் பெண்கள் தனியே வேலைக்குப் போவதில்லை. ஒருத்தி இறங்கினால் கும்பலே இறங்கும். அவனுடைய ஒரு வார்த்தை ஒரு ஊரையே ஏரியைச் சுற்றி நடக்கவைத்திருந்தது, அந்த நடை ஒரு ரயிலையே நிறுத்திவிட்டது. அட பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

வெளியே வந்து, "மேடம், நிழல்ல ஒரு கோளாறு இருக்கும்னு தோணுது," என்று பானுரேகாவிடம் சொன்னான்.

"தோணுதுன்னா எடுத்துக்க மாட்டேன். உங்களுக்கே தெரியும். நேர்ல தெரிஞ்ச ஒருத்தரைக் காட்டி, அவங்க கால் ஏன் அப்படிப் போச்சுன்னு சபையில சொல்லணும். எப்படித் தெரியும்னும் சொல்லணும். அவங்களும் வந்து ஆமான்னு சொல்லணும். ஒரு நிழல் தப்புன்னு ஆனா, அதே வழியில போற எல்லா நிழலையும் மறுபடி செய்யச் சொல்றேன். நாளைக்குக் காலையில சபை கலையறதுக்குள்ள."

அன்று மாலையே புதுக்கரைக்குப் போனான். யாராவது பார்ப்பார்களோ என்று காரில் போகப் பயந்து பஸ்ஸில் போனான். நின்றுகொண்டே போனதில் இடுப்பு விட்டுப்போயிற்று. ஈஸ்வரி மூன்றாவது மாடியில் கதவைத் திறந்துபோட்டு, வெந்நீரில் பாதத்தை முக்கி உட்கார்ந்திருந்தாள். வெளுக்கும் கூடத்தின் சோடா அவள் விரல்களை வெள்ளையாக அரித்திருந்தது.

"அய்யே! யாரு வந்துகிறது பாரு! வழி தவறிப் பூட்டியாண்ணா?" என்றாள். எழுந்து நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "குந்து. டீ போடறேன். சொல்லு, எங்காளுங்களே ரயிலு வேணான்னாங்களாமே? டீக்கடையில ஒரே பேச்சு. எவ அவ? நாக்கு அழுவிப் போவ. அடுத்த மாசத்துலேர்ந்து விடிகாலை ஷிப்டுக்கு வந்தாத்தான் வேலன்னு மேனேஜரு சொல்லிட்டான். மொத பஸ்ஸு வரதுக்குள்ள ஷிப்டு தொடங்கிடும். ரயிலு வர வரிக்கும் எப்படியாவது ஆட்டோ வெச்சி சமாளிச்சிக்கலாம்னு இருந்தோம். இப்ப அதுவும் இல்ல. வேல போச்சுன்னா நான் எங்க போவேன்?"

"ஈஸ்வரி."

"இன்னா?"

"உன் நெழலும் வேணாம்னுதான் சொல்லிச்சி."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கு ஊர்ப் பேச்சு திரும்பி வந்தது. லிஃப்ட்டில் சொன்ன பொய்யையும் சொன்னான், அது அவளுக்கு அதுவரை தெரியாது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிடு," என்றான்.

ஈஸ்வரி அவன் கண் துடைப்பதைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கு வந்தது பார், ஒரு கோபம்.

"வேலைக்காரின்னியா? சர்தான். நான் வேலைக்காரிதான், துணி வெளுக்கறவ. அதுல எனக்கு ஒண்ணும் அசிங்கமில்ல. என் நெழல எடுத்து வெச்சி எங்க ஜனத்து வயித்துல அடிச்சிட்டு, இங்க வந்து அழுவறியே, இங்க அழுது இன்னா புண்ணியம்? உன் பாரத்த எறக்கி வெக்க என் வூடுதான் கெடச்சிதா? அங்க சொல்லு. அந்த மண்டபத்துல, அத்தினி பேரு முன்னாடி சொல்லு. அங்க சொன்னாத்தான் ரயிலு வரும்."

"நீயும் வரணும். வந்து ஆமான்னு சொல்லணும்."

"வரேன். ஒரு நாள் சம்பளம் போனாப் போவுது. ஆனா நீ வாயத் தொறக்கணும், ஆமா."

டீ கொடுக்க அவள் மறந்துவிட்டாள். அவனும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது மனசு லேசாகத்தான் இருந்தது. நாளைக்குச் சொல்லப்போகிறோம் என்று நினைக்கும்போதே பாதி சொல்லிவிட்டதுபோல் இருப்பது மனுஷ சுபாவம்தானே.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஈஸ்வரி நல்ல சேலையொன்றைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறிடம் போனதைத் தணிகைவேல் மேடையிலிருந்தே பார்த்தான்.

"சரிபார்ப்பு அலுவலர் ஆட்சேபம் எழுப்பறார்," என்றாள் பானுரேகா. "சொல்லுங்க மிஸ்டர் வேல்."

அவன் மைக் முன்னால் போய் நின்றான். ஆரம்பம் நன்றாகவே வந்தது. கால் பொய் சொல்லாது என்று தானே ஊர் ஊராகச் சொன்னதாகவும், ஆனால் காலுக்கு ஒருவர் உத்தரவு போட்டால் அது உத்தரவைத்தான் சொல்லும், மனசைச் சொல்லாது என்றும் சொன்னான். சபை அமைதியாகக் கேட்டது. ஜெகதீசன்கூட ஆர்வமாகக் கேட்டார். "புதுக்கரையில எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்காங்க," என்றான் தணிகைவேல். "வெள்ளேரியில அவங்களைப் பார்த்தா தனக்கு அவமானம்னு நினைச்ச ஒருத்தர், அவங்களை இங்க இறங்கக்கூடாதுன்னு சொல்லிட்டார். அவங்களும், அவங்களோட வேலைக்கு வர்றவங்களும் அதனாலதான் சுத்திப் போறாங்க. ரயில் பிடிக்காம இல்ல."

ஒரு அம்மா. ஒருத்தர். நேற்று ராத்திரி முழுக்க அவன் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சில் இந்த இரண்டு வார்த்தையும் இல்லவே இல்லை. எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டன என்று அவனுக்கே தெரியவில்லை.

பானுரேகா விடவில்லை. "யார் அந்த ஒருத்தர்? அந்த அம்மாவை உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

தணிகைவேல் வாயைத் திறந்தான். முன்வரிசை முழுக்கத் தெரிந்த முகங்கள். கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் கூப்பிட்டவர்கள்.

"நம்ம வேல் சாருக்குப் புதுக்கரையில யார் இருக்கப்போறாங்க மேடம்?" என்று ஜெகதீசன் அன்பாகவே சொன்னார். "ஏதோ ஆபீஸ் விஷயமாத் தெரிஞ்சிருக்கும். பாவம், அவரை ஏன் குடையறீங்க?"

அவன் கண் கடைசி வரிசைக்குப் போயிற்று. ஈஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு, என்பதுபோல் முகவாயை லேசாக ஆட்டினாள். காத்திருந்தாள். அவன் சட்டைக் காலரைத் தளர்த்தினான், தண்ணீர் குடித்தான், தொண்டையைச் செருமினான். தங்கை என்ற ஒரு சொல். மூன்றே எழுத்து, அதற்குள் அவன் கட்டிக்கொண்ட வாழ்க்கை மொத்தமும் அகப்பட்டுக்கொண்டது.

"மிஸ்டர் வேல்?" என்றாள் பானுரேகா.

கடைசி வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஈஸ்வரி எழுந்து நின்றாள்.

"அவரு சொன்ன பொம்பள நாந்தாம்மா," என்றாள். குரல் கணீரென்று வந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"சொல்லுங்கம்மா. இவர் உங்களுக்கு யாரு?"

ஈஸ்வரி இன்னொரு முறை அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பாசமா, காறித்துப்பலா என்று அவனுக்கு விளங்கவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

"யாருமில்ல. ஆபீசரு தப்பா வெளங்கினுகிறாரு. என்ன யாரும் எறங்காதன்னு சொல்லல. எனக்கே இந்தப் பக்கம் புடிக்காது, அதான் சுத்திப் போறேன். என் கூட வர பொண்டுங்களும் அப்படித்தான். எங்களுக்கு ரயிலு வேணாம்மா."

தணிகைவேல் மூச்சு விட்டான். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துப் போட்டாற்போல், நிம்மதியாக, நீளமாக விட்ட மூச்சு. மைக் திறந்திருந்தது. மண்டபத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் அந்த நிம்மதி கேட்டது. சொல்லிவிட்டுக் கதவுவரை போய்விட்ட ஈஸ்வரி ஒரு கணம் நின்றாள். திரும்பவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

அப்போதுதான் அவனுக்கு உடம்பு கூசியது. காது மடல் வரை எரிந்தது. ஓடிப்போய்க் கூப்பிடலாம், இன்னும் சபை கலையவில்லை. கால் நகரவில்லை.

பானுரேகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆளைக் கேட்டாலும் அதேதான், நிழலைக் கேட்டாலும் அதேதான். அப்போ நிழல்ல தப்பு ஒண்ணும் இல்லையே? பதிவு பண்ணிக்கலாமா?"

முன்வரிசை அவனைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தது.

"தப்பில்லை மேடம்," என்றான் தணிகைவேல். "அச்சு அசல் அவங்கதான்."